யானைகளை எண்ண எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

2023 மே மாதம் கேரளக் காடுகளில் யானைக் கணக்கெடுப்பு நடந்தது. ஆட்கள் காட்டுக்குள் நடந்து, கண்ணில் பட்ட யானைகளை எண்ணிப் போட்ட கணக்கில் 1,920 வந்தது. அதே கணக்கெடுப்பில் லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, எண்ணிப் போட்ட கணக்கில் 2,386 வந்தது. ஒரே காடு, ஒரே வாரம், 466 யானை வித்தியாசம். இதில் யாரும் தப்புக்கணக்கு போட்டதாக நான் நினைக்கவில்லை. முதல் முறை அளப்பது கண்ணில் பட்டதை. இரண்டாவது அளப்பது தரையில் கிடந்ததை. யானை என்கிற எண் இரண்டிலுமே கடைசியில், ஒரு கணக்கின் விடையாகத்தான் வருகிறது.

காட்டுயிர் எண்ணிக்கை பற்றிப் பேச்சு வந்தாலே எந்த முறை துல்லியமானது என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கிடைக்கப்போகிற எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள்? நாட்டில் மொத்தம் எத்தனை என்று சொல்லவா, ஐந்து வருடத்தில் கூடியதா குறைந்ததா என்று பார்க்கவா, கரும்புக்குள் வருகிற யானை எது என்று தெரிந்துகொள்ளவா? மூன்றுக்கும் ஒரே முறை ஒத்துவராது. தென்னிந்தியக் காடுகளில் நடைமுறையில் கைக்கு எட்டும் வழிகள் நான்கு. வனக்கோட்ட அலுவலர், காட்டுயிரியல் மாணவர், காட்டோர ஊர்களில் வேலை செய்யும் அமைப்பு என்று யார் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தாலும் இந்த நான்குக்குள்தான் சுற்றி வருவார்கள்.

நேரில் பார்த்து எண்ணுவது

பிளாக் கணக்கெடுப்பு என்பது இதுதான். வரைபடத்தில் காட்டை ஏறக்குறைய ஐந்து சதுர கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, அவற்றில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சிறு குழு ஒன்று போகும். பகல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பார்த்த யானைகளைக் கொம்பன், மக்னா (தந்தம் இல்லாத ஆண்), பெண், குட்டி என்று பிரித்துக் குறிக்கும். தென் மாநிலங்கள் ஒரே நாளில் சேர்ந்து இதைச் செய்வதற்குக் காரணம் உண்டு. முதுமலை, பந்திப்பூர், வயநாடு எல்லாம் ஒட்டிக் கிடக்கிற ஒரே காடு. இன்று இங்கே எண்ணி அடுத்த வாரம் அங்கே எண்ணினால், ஒரே கூட்டம் இரண்டு மாநிலக் கணக்கிலும் ஏறிவிடும்.

இந்த முறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், பெரிய செலவு இல்லை. வனக்காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் ஏற்கெனவே நடந்து பழகிய காடு. எத்தனை பெண் யானைக்கு எத்தனை குட்டி, வளர்ந்த ஆண்கள் எத்தனை என்கிற விவரம் நேரில் பார்ப்பதால் உடனே கிடைக்கிறது. ஒரு யானைக் கூட்டத்தின் எதிர்காலத்தைச் சொல்வதில் மொத்த எண்ணிக்கையைவிட இந்த விகிதத்துக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

குறை எங்கே என்றால், பார்க்காமல் விட்ட யானை எத்தனை என்று இந்த முறைக்குத் தெரியாது. மே மாதத்து இலையுதிர் காட்டில் தூரத்து யானைகூடத் தெரியும். பசுமைமாறாக் காட்டில் தெரியாது. உண்ணிச்செடி மண்டிய இடத்தில் இருபதடிக்குள் நிற்கிற யானையைக்கூடத் தாண்டிப் போய்விடலாம். மனிதர்களை எண்ணும்போதும் இதே சிக்கல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு, தேர்ந்தெடுத்த இடங்களில் மறுபடியும் எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தது தெரிந்தது. கதவைத் தட்டினால் பேர் சொல்கிற மனிதர்களிலேயே இவ்வளவு! ஆனால் அங்கே விடுபட்டதை அளக்க ஒரு சரிபார்ப்பு இருந்தது. பிளாக் கணக்கெடுப்பில் பொதுவாக அது கிடையாது.

விடுபடும் பங்கு ஒவ்வொரு வருடமும் ஒரே அளவாக இருந்தால் பரவாயில்லை, ஏற்ற இறக்கமாவது புரியும். அதுவும் நிலையாக இருப்பதில்லை. கோடை மழை முந்தி வந்த வருடம் யானைகள் தண்ணீர்க் குட்டையைத் தேடி வராது, பரவிப் போய்விடும். அந்த வருடம் எண் குறையும். யானை குறைந்ததாகச் செய்தி வரும்.

லத்தியை எண்ணுவது

பலருக்குச் சிரிப்பு வரும் முறை இது. கணக்கு என்று பார்த்தால் நான்கில் மிகவும் அழகானது இதுதான், எனவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

காட்டுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதைகள் வகுத்து, அதில் நடக்கிறோம். கண்ணில் படும் ஒவ்வொரு லத்திக் குவியலும் பாதையிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று அளக்கிறோம். பாதையின் மேலேயே கிடப்பது தப்பாது. தள்ளிப் போகப் போகக் கண்ணில் படுவது குறையும். அந்தக் குறையும் வேகத்திலிருந்தே எவ்வளவு லத்தியைத் தவறவிட்டோம் என்று கணக்கிடலாம். பிளாக் முறையில் இல்லாத சரிபார்ப்பு இங்கே முறைக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இத்தனை குவியல் என்று ஓர் எண் கிடைக்கும்.

அதை யானையாக மாற்ற இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒரு யானை நாளைக்கு எத்தனை தடவை லத்தி போடும்? போட்ட லத்தி எத்தனை நாள் அடையாளம் தெரிகிற மாதிரி கிடக்கும்? முதல் கேள்விக்கு, முதுமலையில் செய்யப்பட்டு 1992 இல் வெளியான ஆய்வின் 16.33 என்கிற எண் தென்னிந்தியாவில் பரவலாகப் புழங்குகிறது. இரண்டாவதற்கு ஏறக்குறைய 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக நாளைக்கு 16 தடவை என்றால், ஓர் யானையின் பேரில் எந்த நேரத்திலும் காட்டில் 1,600 குவியல் கிடக்கும். சதுர கிலோமீட்டருக்கு 1,600 குவியல் எண்ணினால் அங்கே ஒரு யானை.

இப்போது அந்த 100 நாளை மட்டும் 60 ஆக மாற்றிப் பாருங்கள். மழை பெய்தது, சாணவண்டுகள் வந்து உருட்டிக்கொண்டு போய்விட்டன, கறையான் ஏறியது. காட்டில் எண்ணிய குவியல் அதே 1,600தான். விடை 1.67 யானையாகிவிடும். ஒரு யானைகூடப் பிறக்காமல், ஒன்றுகூட வலசை வராமல், மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. லத்திக் கணக்கில் வருகிற பெரிய தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கேரளத்தின் லத்திக் கணக்கு 2017 இல் 5,706, 2023 இல் 2,386. யானை பாதிக்கு மேல் அழிந்தது என்று அதைப் படிப்பதற்கு முன், இரண்டு வருடமும் லத்தி மட்கிய வேகம் எங்கே, எப்படி அளக்கப்பட்டது என்று நான் கேட்பேன். மழையும் வறட்சியும் யானைகளை எல்லை தாண்டி நகர்த்துவதும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கும்.

வெளியேற்றப்பட்டதை எண்ணி, ஒருவருக்கு இவ்வளவு என்று வகுத்து, ஆளைக் கணக்கிடும் இந்த யோசனை யானை ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததல்ல. 1802 வாக்கில் பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட அந்நாட்டுக் கணிதவியலாளர் லாப்லாஸ் ஏறக்குறைய இதே வழியில்தான் போனார். நாடு முழுக்கப் பிறப்புப் பதிவு இருந்தது. ஆள் கணக்கு இல்லை. தேர்ந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் ஆட்களை எண்ணச் சொல்லி, ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு ஏறக்குறைய 28 பேர் என்று கண்டார். அந்த விகிதத்தால் பிறப்புகளைப் பெருக்கினார். அந்த விடை எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கும் சேர்த்தே கணக்குப் போட்டார். கொரோனா காலத்தில் சாக்கடை நீரில் வைரஸின் துணுக்குகளை அளந்தார்களே, அதுவும் இதே குடும்பம்தான். நோயாளி ஒருவர் நாளைக்கு எவ்வளவு வெளியேற்றுகிறார், குழாயில் வருகிற வழியில் எவ்வளவு சிதைகிறது என்கிற இரண்டு எண்களும் தடுமாறினால் விடையும் தடுமாறும். அங்கே நகராட்சி நிர்வாகங்கள் ஒரு நல்ல வழக்கத்துக்கு வந்தன: நோயாளி எண்ணிக்கையாக மாற்ற மெனக்கெடாமல், போன வாரத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். யானைக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி.

லத்தியிலிருந்து டி.என்.ஏ.

அதே லத்திதான், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். குடலின் உட்புறச் செல்கள் லத்தியின் மேற்பரப்பில் ஒட்டி வரும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் ஒவ்வொரு யானைக்கும் ஒரு கைரேகை மாதிரி கிடைக்கும். அப்புறம் வருவது பிடித்து விட்டு மறுபடி பிடிக்கும் கணக்கு. முதல் சுற்றில் 40 யானைகளை அடையாளம் கண்டோம். இரண்டாம் சுற்றில் 50; அவற்றில் 10 ஏற்கெனவே பார்த்தவை. ஐம்பதில் பத்து, அதாவது ஐந்தில் ஒன்று, ஏற்கெனவே பார்த்தது என்றால், முதலில் பார்த்த 40 மொத்தக் கூட்டத்தில் ஐந்தில் ஒன்று. அப்படியானால் மொத்தம் 40 பெருக்கல் 50 வகுத்தல் 10, அதாவது 200. டென்மார்க்கில் பீட்டர்சன் 1896 இல் தட்டைமீன்களில் அடையாளமிட்டு எழுதியது இந்த வழியின் தொடக்கம். 1930 இல் அமெரிக்காவில் லிங்கன் வாத்துக் கால் வளையங்களை வைத்து இதையே செய்தார். இன்று ஒரு நோய்க்கான இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டு, இரண்டிலும் ஏறாத நோயாளிகள் எத்தனை பேர் என்று மதிப்பிடவும் இதுதான் பயன்படுகிறது.

இதன் பலம், பார்க்காததை நேர்மையாகக் கணக்கில் சேர்ப்பது. பலவீனம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. வெயிலில் காய்ந்த லத்தியில் டி.என்.ஏ. சிதைந்துபோகும். ஒரே யானையின் இரண்டு மாதிரிகளில் ஒன்றைத் தப்பாகப் படித்தால் அது புது யானையாகப் பதிவாகும். மேலே சொன்ன கணக்கில் பத்தில் இரண்டு மட்டும் அப்படித் தவறினாலே 200 என்பது 250 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் ஒரு தடவைக்கு மேல் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. செலவு ஏறுவது அங்கேதான்.

இந்தியா முழுமைக்கும் இந்த வழியில் செய்த முதல் யானை மதிப்பீடு 2025 அக்டோபரில் வெளிவந்தது. 21,056 லத்தி மாதிரிகள்; அடையாளம் தெரிந்த யானைகள் 4,065; நாட்டுக்கான மதிப்பீடு 22,446. கூடவே 18,255 முதல் 26,645 வரை என்று ஒரு வீச்சும் தந்திருந்தார்கள். அதற்கு முந்தைய 2017 கணக்கெடுப்பில் அறிவிக்கப்பட்ட எண் 27,312. சில தலைப்புச் செய்திகள் உடனே கழித்துப் பார்த்தன. முறையே மாறிவிட்டதால் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம், இதைப் புதிய அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கை தரப்பிலிருந்தே சொன்னார்கள். சரியான பேச்சு.

ஆனால் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 4,065 என்பது 22,446 இல் நூற்றுக்கு 18. மீதி, மாதிரி எடுத்த இடங்களின் அடர்த்தியை வாழிடம், தடயம், மனித நடமாட்டம் போன்றவற்றோடு பொருத்தி மற்ற காடுகளுக்கு நீட்டியது. புலிக் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். 2018 இல் 26,838 இடங்களில் தானியங்கி கேமரா வைத்து, மூன்றரைக் கோடி படங்களுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தார்கள். மதிப்பீடு 2,967 புலி. அதில் 2,461 புலிகள் வரி வரியாக அடையாளம் காணப்பட்டவை. நூற்றுக்கு 83. இரண்டு அறிக்கைகளுக்கும் பெயர் அறிவியல் மதிப்பீடுதான் என்றாலும், நேரில் தெரிந்ததும் நீட்டிச் சொன்னதும் கலந்திருக்கும் அளவு முற்றிலும் வேறு.

படம் எடுத்து ஆளை அறிவது

யானைக்கு வரி கிடையாது. ஆனால் காது மடிப்பு, காதில் கிழிசல், தந்தத்தின் வளைவு, வால் மயிர், வெளுத்த தோல் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. கர்நாடகத்தின் நாகரஹொளே பகுதியில் வளர்ந்த ஆண் யானைகளை இப்படிப் படம் பிடித்து, அதே பிடித்து விட்டு மறுபடி பிடிக்கும் கணக்கில் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஆண்களுக்குத் தந்தம் இருப்பதால் எளிது. பெண்கள், குட்டிகள் என்று வரும்போது கஷ்டம். பசுமைமாறாக் காட்டில் கேமராவில் பாதி உடம்புதான் விழும்.

எனவே மொத்தம் எத்தனை என்பதற்கு இது தோதான வழி இல்லை. எது எது என்பதற்கு இதைவிட்டால் ஆளில்லை. ஊருக்குள் வருகிற யானைகள் ஒரு காட்டின் மொத்த யானைகளில் சிறு பங்குதான். அதிலும் ஆண்களே அதிகம். அவற்றின் படத்தொகுப்பு ஒன்று வனச்சரகத்தில் இருந்தால், இரண்டு பள்ளத்தாக்கில் பயிரை மேய்ந்தது ஒரே யானையா இரண்டு யானையா என்று ராத்திரியே சொல்லிவிடலாம். கூட்டத்தில் நாற்பது யானையா ஐம்பதா என்று தெரிந்து அந்த விவசாயிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வானிலிருந்து எண்ணுவதைப் பற்றியும் கேட்பார்கள். ஆப்பிரிக்கச் சவன்னாவில் அதுதான் முதல் தேர்வு. 2014 இல் தொடங்கி, சிறு விமானங்களில் பறந்து, 18 நாடுகளில் 352,271 யானைகள் என்று மதிப்பிட்டார்கள். அங்கே புல்வெளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மேலேயிருந்து பார்த்தால் மரத்தலைதான் தெரியும். வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோன் ஊரோரம் யானை நிற்கிறதா என்று பார்க்க உதவும். கணக்கெடுப்புக்கு அதை நம்பி நான் பணம் போட மாட்டேன்.

சரி, எதை எடுப்பது?

நாட்டுக்கோ மாநிலத்துக்கோ மொத்த எண் வேண்டும் என்றால் டி.என்.ஏ. வழிதான், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஆண்டுதோறும் அதைச் செய்வது பணத்துக்குக் கேடு. யானையின் கர்ப்பகாலமே 22 மாதம். கூட்டம் ஒரு வருடத்தில் மாறக்கூடிய அளவு, மதிப்பீட்டின் வீச்சுக்குள் காணாமல் போய்விடும்.

தமிழ்நாட்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 இல் 2,961. 2024 இல் 3,063. 2025 இல் 3,170. வருடம் நூறு யானை கூடுகிறது என்று மகிழ்ச்சியாகச் செய்தி வந்தது. உயிரியல்படி அது நடக்கக்கூடியதுதான். ஆனால் சில நூறுகள் முன்பின் தவறக்கூடிய ஒரு முறையை வைத்துக்கொண்டு நூறு கூடியது என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ. அறிக்கை தமிழ்நாட்டுக்குச் சொன்ன 3,136 இவற்றோடு அழகாகப் பொருந்துவது உண்மை. அதை வைத்துப் பிளாக் முறை நிரூபணமாகிவிட்டது என்று சிலர் வாதிடலாம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஒரு மாநிலத்தின் மொத்த எண்கள் பொருந்தினாலும், கோட்டம் கோட்டமாகப் பிரித்தால் ஓரிடத்தில் கூட்டியது இன்னோரிடத்தில் குறைத்ததைச் சரிக்கட்டியிருக்கலாம்.

ஒரு கோட்டத்தில் போக்கு தெரிய வேண்டும் என்றால் என் ஓட்டு லத்திக்கு. ஒரே பாதைகள், ஒரே மாதம், முடிந்தவரை அதே ஆட்கள். யானையாக மாற்றாமல் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை குவியல் என்றே அறிக்கையில் போடலாம், மட்கும் வேகத்தைப் பக்கத்தில் எழுதலாம். மேலிடத்தில் யானை எண்ணைத்தான் கேட்பார்கள், தெரியும். கேட்டால் வீச்சோடு கொடுங்கள்.

பிளாக் கணக்கெடுப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆண், பெண், குட்டி விகிதத்துக்காக அது தொடரட்டும். கூடவே வருடத்தில் ஒருநாளாவது பணியாளர்கள் சரகத்தின் எல்லா மூலைக்கும் போய் வருவார்கள். அதன் மொத்த எண்ணை மட்டும் கொள்கை முடிவுக்கு எடுக்க வேண்டாம். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். 1966 முதல் வழக்கத்திலிருந்த காலடித்தட முறையில் கணக்குப்படி அங்கே புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005 வாக்கில் தேடிப் போனபோது ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்கக் கேமராவுக்கு மாறினார்கள்.

மோதல் நடக்கிற இடத்தில் படத்தொகுப்பு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

முதுகலை மாணவர், கையில் ஒரு வருடம், பணம் கொஞ்சம் என்றால், யானை எண்ணிக்கையையே ஆய்வுத் தலைப்பாக எடுக்காதீர்கள். உங்கள் காட்டில் லத்தி எத்தனை நாள் கிடக்கிறது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதுமலையின் எண்ணை வால்பாறைக்கும் களக்காட்டுக்கும் கொண்டுபோய்ப் பெருக்குவதைவிட அந்தந்தக் காட்டின் எண் இருப்பது எவ்வளவோ மேல். செய்முறை எளிது. கணக்கெடுப்புக்குச் சில மாதம் முன்பிருந்தே குறிப்பிட்ட இடைவெளியில் காட்டுக்குப் போய், அன்று விழுந்த புது லத்திகளை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைக்க வேண்டும். நிழல், வெயில், சரிவு, புல் என்று எல்லா வகை இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம். கணக்கெடுப்பு நாளன்று திரும்பிப் போய், எது இருக்கிறது, எது போய்விட்டது என்று மட்டும் பார்த்தால் போதும். தினமும் காவல் காக்க வேண்டாம். கணக்கெடுப்பு மே மாதம் என்றால் முதல் லத்தியை ஜனவரியிலாவது குறித்திருக்க வேண்டும். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் அந்த நான்கு மாதத்துக்கான வண்டிச் செலவைத்தான் முதலில் அடித்துவிடுவார்கள். டி.என்.ஏ. மாதிரிகளில் சிலவற்றைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தச் செலவை விட்டுக்கொடுக்காதீர்கள்.